கூடாரத்துக்குள் தங்க வேட்டை: 1850களின் விக்டோரியாவில் சுரங்கக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மெல்பர்னுக்கு வரும் உறவினர்களைப் பல்லாரட்டுக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. 1850களின் சுரங்க ஊர் ஒன்றை அங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் சாவரின் ஹில். நம் ஊர் நகைக்கடையில் சொல்கிற ‘சவரன்’ இந்தச் சாவரின்தான், பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயர் என்று சொன்னால் போதும், பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும்.

பெரும்பாலும் எல்லோரும் எத்தனை கிலோ கிடைத்தது, யார் பணக்காரர் ஆனார்கள் என்றுதான் கேட்பார்கள். என் அத்தை ஒருவர் மட்டும் முதல் கேள்வியாக, “இவ்வளவு ஜனம் வந்துச்சே, தண்ணிக்கு என்ன பண்ணினாங்க?” என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய்ச் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம்.

இது எந்தத் தங்க வேட்டை? எப்போது நடந்தது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், 1851ல் தொடங்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பக்கத்துக் காலனியான நியூ சவுத் வேல்ஸில், பாதர்ஸ்ட் ஊருக்கு அருகே எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் தங்கம் கண்டார். மே மாதம் செய்தி வெளியே வந்தது. விக்டோரியாவோ ஜூலை 1 அன்றுதான் தனிக் காலனி ஆகப்போகிறது. ஆட்களெல்லாம் வடக்கே ஓடிவிடுவார்களே என்று பயந்த மெல்பர்ன் பெரிய மனிதர்கள், உள்ளூரில் தங்கம் கண்டுபிடித்தால் பரிசு என்று அறிவித்தார்கள். சில வாரங்களிலேயே கிளூன்ஸில் கிடைத்தது. ஆகஸ்டில் பல்லாரட், ஆண்டு முடிவதற்குள் மவுன்ட் அலெக்சாண்டர் (இன்றைய காசில்மெய்ன் பகுதி), பென்டிகோ.

1851ல் விக்டோரியாவின் மக்கள்தொகை சுமார் 77,000. பத்தே ஆண்டில் அது சுமார் 5,40,000. இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகப் புரியும். ஊரே இல்லாத இடத்தில் ஊரளவு ஜனம் வந்து நின்றது.

எப்படி வந்து சேர்ந்தார்கள்?

பிரிட்டனிலிருந்து கப்பலில், பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல். 1852ல் மார்கோ போலோ என்ற கப்பல் லிவர்பூலிலிருந்து 76 நாளில் வந்து எல்லோரையும் அசத்தியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த டைகொண்டெரோகாவின் கதை வேறு. சுமார் 800 பேரோடு கிளம்பிய அந்தக் கப்பலில் டைஃபஸ் காய்ச்சல் பரவி, வழியிலேயே சுமார் 100 பேர் இறந்தார்கள். கரை சேர்ந்தபிறகும் சாவு நிற்கவில்லை.

மெல்பர்னில் இறங்கினால் தங்க இடம் கிடையாது. யாரா ஆற்றின் தென்கரையில் ‘கேன்வாஸ் டவுன்’ என்று ஒரு கூடார நகரமே முளைத்தது. வெறும் தரையில் கூடாரம் அடிக்க வாரம் 5 ஷில்லிங் வாடகை! 20 ஷில்லிங் ஒரு பவுண்ட் என்ற கணக்கு தெரிந்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும்.

அங்கிருந்து பல்லாரட் சுமார் 110 கிலோமீட்டர், பென்டிகோ 150. நாங்கள் காரில் ஒன்றரை மணி நேரத்தில் போகிற தூரத்தை அவர்கள் சேற்றில் நாள்கணக்கில் நடந்தார்கள். மாட்டு வண்டி வைத்துக்கொள்ள வசதியிருந்தவர்கள்கூடச் சாமானை வண்டியில் ஏற்றிவிட்டுக் கூடவே நடந்ததுதான் அதிகம். இடுப்பில் குழந்தையோடு நடந்த தாய்மார்களைப் பார்த்துவிட்டுத்தான் கரோலைன் சிஷோம் என்ற சமூகசேவகி அரசோடு மல்லுக்கட்டி, சுரங்கச் சாலையில் ஒரு நாள் நடைக்கு ஒன்று என்று தங்கும் கொட்டகைகள் கட்ட வைத்தார். ஆனால் அவை எழுந்தது 1855ல். முதல் நாலு வருடம் வந்தவர்களுக்கு மரத்தடிதான்.

குடும்பத்தோடுதான் வந்தார்களா?

முதல் வருடம் பெரும்பாலும் ஆண்கள்தான். மெல்பர்ன், அடிலெய்டு போன்ற ஊர்களில் ஆண்களே இல்லாமல் போய்விட்டது. அடிலெய்டிலிருந்து போனவர்களின் தங்கம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக 1852ல் போலீஸ் அதிகாரி அலெக்சாண்டர் டோல்மர் தலைமையில் தனியாகத் தங்க வண்டிக் காவலே ஏற்பாடு செய்தார்கள்.

ஆனால் எல்லா வண்டியும் திரும்பவில்லை. ‘இன்னார் எங்கே இருந்தாலும் மனைவிக்குத் தகவல் தரவும்’ என்ற மாதிரி விளம்பரங்கள் அன்றைய செய்தித்தாள்களில் சர்வசாதாரணம். செத்தாரா, இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டாரா, வெட்கத்தில் எழுதாமல் விட்டாரா, வீட்டில் இருப்பவளுக்குத் தெரிய வழியே இல்லை. சுரங்கத்தில் கூடாரத்துக்குள் கஷ்டப்பட்டவர்களைவிட இவர்கள் பாடு மோசம் என்று எனக்குத் தோன்றும். அங்கே கஷ்டமாவது கண்ணுக்குத் தெரிந்தது.

1853, 54 வாக்கில் மனைவி, குழந்தைகள் நிறைய வர ஆரம்பித்தார்கள். அப்போதும் ஆண்கள்தான் மிக அதிகம்.

எங்கே குடியிருந்தார்கள்?

கூடாரம். வசதிப்பட்டவர்கள் தடித்த கேன்வாஸில், இல்லாதவர்கள் மெல்லிய காலிகோ துணியில். (அந்தக் ‘காலிகோ’ என்ற பெயரே நம் கோழிக்கோட்டிலிருந்து போனது.) நாலு மரக்கொம்பு, நடுவில் ஒரு குறுக்குக் கழி, அதன் மேல் துணி. அவ்வளவுதான் வீடு. கட்டில் என்பது நாலு கவட்டைக் குச்சியை மண்ணில் ஊன்றி, இரண்டு கழியை மாவு மூட்டைச் சாக்குக்குள் நுழைத்துப் படுக்க வைத்தது. மேஜைக்குப் பெட்டி, நாற்காலிக்கு மரத்துண்டு. வெளிச்சத்துக்கு ஆட்டுக் கொழுப்பில் துணித் திரி போட்ட விளக்கு. அதன் நாற்றம் துணி, தலைமுடி எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

குடும்பம் வந்ததும் முதலில் சேர்வது புகைபோக்கி. கல்லையும் மண்ணையும் குழைத்துக் கூடாரத்தின் ஒரு முனையில் அடுப்புச் சுவர் எழுப்பி, அதன் மேல் அடிப்பாகம் இல்லாத மரப்பீப்பாயைக் கவிழ்ப்பார்கள். அப்புறம் மெல்லத் துணிச் சுவர் போய் மரப்பலகைச் சுவர் வரும், கூரைக்கு யூக்கலிப்டஸ் மரப்பட்டை வரும். புதுத் தங்கம் வேறெங்காவது கிடைத்ததாகச் செய்தி வந்தால் இரண்டே நாளில் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு கிளம்பவேண்டும். அதனால்தான் பலர் பல வருடம் துணியை விட்டு மேலே போகவே இல்லை.

பல்லாரட் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூலையில் விடிகாலையில் தரை வெள்ளையாக உறைந்திருக்கும். ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டி வெயில். இரண்டுக்கும் நடுவே அந்த ஒரு துணிதான்.

என்ன சாப்பிட்டார்கள்?

ஆட்டிறைச்சி, ரொட்டி, தேநீர். மறுநாள்? அதேதான்.

நம்ம ஊர்க்காரர்கள் இங்கே வியப்பார்கள்: மட்டன் ஏழைச் சாப்பாடா? ஆம். தங்கத்துக்கு முன்னால் விக்டோரியா முழுக்க ஆட்டுப் பண்ணைகள். கம்பளிக்காக வளர்த்த ஆடுகளுக்கு விலை இல்லாமல் போன 1840களில் அவற்றைக் கொப்பரையில் வேகவைத்துக் கொழுப்பை மட்டும் எடுத்து விற்றார்கள். அதனால் இறைச்சி மலிவு. மாவு, சர்க்கரை, தேயிலை எல்லாம் துறைமுகத்திலிருந்து வண்டியில் வரவேண்டும். குளிர்காலத்தில் சாலை முழுக்கச் சேறாகி வண்டி புதைந்தால் மாவு விலை எகிறும். காய்கறி, பால், முட்டை, வெண்ணெய் எல்லாம் பணக்காரச் சாப்பாடு. முட்டைக்கோஸைப் பார்த்து ஏங்கினார்கள் என்றால் இன்றைக்கு நம்புவது கஷ்டம்.

ரொட்டி என்றால் ‘டாம்பர்’. மாவில் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, ஈஸ்ட் எதுவும் இல்லாமல், சாம்பலில் புதைத்துச் சுடுவது. சூடாக இருக்கும்போது நன்றாகவே இருக்கும், சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஆறினால் செங்கல். தேநீர் ‘பில்லி’ என்ற தகர வாளியில் கொதிக்கும், பால் இல்லாமல், சர்க்கரை கையில் இருக்கும் வரை தாராளமாக.

காய்கறி இல்லாத சாப்பாட்டின் விலை ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் வரும், பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும். இந்த நிலையை மாற்றியதில் பெரிய பங்கு சீனத் தோட்டக்காரர்களுக்கு உண்டு. அவர்களைப் பற்றிக் கீழே.

சரி, தண்ணீர்?

அத்தையின் கேள்விக்கு வந்துவிட்டோம்.

இந்தத் தங்கம் ஆரம்பத்தில் ஓடைப் படுகைகளில்தான் கிடைத்தது. மண்ணைத் தண்ணீரில் அலசித்தான் தங்கத்தைப் பிரிக்க முடியும். ஆக, எந்த ஓடையில் குடிநீர் எடுக்கவேண்டுமோ அதே ஓடையில் ஆயிரக்கணக்கானவர்கள் காலையிலிருந்து மாலைவரை மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். சில வாரத்தில் ஓடை காபி நிறத்துக்கு மாறும், சில மாதத்தில் ஓடையே இருக்காது, சேற்றுக் குழிகள்தான் மிஞ்சும்.

கழிப்பறை என்று தனியாக எதுவும் கிடையாது. கைவிட்ட குழிகள்தான் கழிப்பறை, குப்பைத்தொட்டி, செத்த நாயைப் போடும் இடம் எல்லாமே. மழை பெய்தால் அத்தனையும் ஓடைக்கு வரும். கசாப்புக் கடையின் குடலும் தோலும் கடைக்குப் பின்னாலேயே கிடக்கும். கோடையில் ஈ எப்படி மொய்த்திருக்கும் என்று தனியாகச் சொல்லவேண்டாம்.

பென்டிகோவில் வெயில் காலத்தில் ஓடை வற்றிப்போகும். அப்போது பீப்பாயில் தண்ணீர் ஏற்றி வந்து வாளிக்கணக்கில் விற்றார்கள். மண்ணை மூட்டை கட்டி, தண்ணீர் இருக்கும் இடத்துக்கு மைல்கணக்கில் வண்டியில் கொண்டுபோய் அலசியவர்களும் உண்டு. அந்த ஊருக்குக் கொலிபான் ஆற்றிலிருந்து முறையான தண்ணீர் வந்து சேர்ந்தது 1877ல்தான். தங்கம் கிடைத்து இருபத்தாறு வருடம் கழித்து.

அசுத்தத் தண்ணீருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பே அன்று தெளிவாகத் தெரியாது. காலரா தண்ணீரில் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ வாதாடிக்கொண்டிருந்த ஆண்டே 1854. தேநீருக்காகத் தண்ணீரைக் கொதிக்கவைத்த பழக்கம்தான் பல பேரைத் தெரியாமலே காப்பாற்றியிருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

என்னென்ன நோய்? வைத்தியர் உண்டா?

வயிற்றுப்போக்கு, சீதபேதி, ‘காலனிக் காய்ச்சல்’ என்று அவர்கள் அழைத்த டைபாய்டு. தூசியும் ஈயும் சேர்ந்து கொண்டுவரும் கண்நோய் ஒன்று உண்டு, ‘சாண்டி பிளைட்’ என்பார்கள். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு மூட்டுவாதம்.

வைத்தியர்கள் இருந்தார்கள். படித்துப் பட்டம் பெற்றவரும் கூடாரத்தில் பலகை மாட்டினார், பல் பிடுங்கத் தெரிந்தவரும் மாட்டினார். பலகையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அழும் குழந்தைக்கு அபின் கலந்த சிரப் கொடுப்பது அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழக்கம், இங்கேயும் அது தொடர்ந்தது. பல்லாரட் மருத்துவமனை நோயாளிகளுக்குத் திறந்தது 1856ல்.

குழந்தைகள் நிலைமை?

பகலில் பார்த்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். பள்ளிக்கூடம் கட்டாயமில்லை, சுற்றிலும் மண், தண்ணீர், குழி, நாய். பெரியவர்கள் விட்டுப்போன மண்மேட்டைக் கிளறித் துகள் பொறுக்குவார்கள், விறகு பொறுக்குவார்கள், தண்ணீர் சுமப்பார்கள். கூடாரத்திலேயே பள்ளிக்கூடங்கள் நடந்தன. ஆனால் அப்பா புது ஓடைக்குக் கிளம்பினால் பிள்ளையும் கிளம்பிவிடும், பள்ளிக்கூடமும் சில சமயம் பின்னாலேயே கிளம்பும். இலவசமான, கட்டாயமான, மதச்சார்பற்ற கல்வி என்ற சட்டம் விக்டோரியாவில் வந்தது 1872ல்.

இரவில்தான் பயம். மூடாத குழிகளில் விழுந்தவர்கள், திறந்த அடுப்பில் துணி பற்றியவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே வயிற்றுப்போக்கு, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான். கைக்குழந்தைகள் கொத்துக்கொத்தாகப் போனார்கள்.

காசில்மெய்ன் பக்கத்தில் பென்னிவெயிட் ஃபிளாட் என்று ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1852 முதல் 1857 வரை அங்கே சுமார் 200 பேரைப் புதைத்தார்கள், அநேகமாக எல்லோருமே குழந்தைகள். பென்னிவெயிட் என்பது ஒன்றரை கிராம் சொச்சம், நம் சவரனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தோண்டினால் அவ்வளவுதான் தேறும் என்பதால் அந்தப் பெயர். தங்கம் தேறாத பாறை நிலம் என்பதால்தான் குழந்தைகளுக்கு அது கிடைத்தது. நல்ல நிலமாக இருந்திருந்தால் அதையும் தோண்டியிருப்பார்கள். பெரும்பாலான குழிகளுக்குப் பெயர்ப் பலகை இல்லை, கல் அடுக்கிய சிறு மேடுகள் மட்டும். மேட்டின் நீளத்தைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும்.

பெண்கள் என்ன செய்தார்கள்?

பென்டிகோவில் முதலில் தங்கம் கண்டவர்கள் யார் என்ற பழைய சண்டையில் மார்கரெட் கென்னடி என்ற பெண்ணின் பெயரும் முன்னணியில் உண்டு. பண்ணை மேற்பார்வையாளரின் மனைவி. ஆக, ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறார்கள்.

கணவன் குழியில் இறங்கினால் மேலே மண் அலசுவது பல வீடுகளில் மனைவி. அந்த அலசும் மரப்பெட்டிக்குப் பெயரே தொட்டில்தான், ஆங்கிலத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். பெட்டியை ஆட்ட ஆட்ட, மண் தண்ணீரோடு போய்த் தங்கம் கீழே தங்கும். ஒரு கையால் இந்தத் தொட்டில், இன்னொரு கையால் அந்தத் தொட்டில் என்று வேலை பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நிலையான வருமானம் குழியில் இல்லை. துணி துவைப்பது, தைப்பது, சமைத்துப் போடுவது, கடை வைப்பது, பிரசவம் பார்ப்பது, இதிலெல்லாம்தான் இருந்தது. தனியாள் ஆண்கள் ஆயிரக்கணக்கில் இருந்த இடத்தில் ஒரு நல்ல ரொட்டிக்கும் சுத்தமான சட்டைக்கும் கேட்ட காசு கிடைத்தது. கணவன் ஆறு மாதம் தோண்டி ஒன்றும் கிடைக்காதபோது வீட்டை ஓட்டியது பல இடங்களில் சலவைத் தொட்டிதான். தங்க வேட்டைப் படங்களில் இந்தத் தொட்டியை யாரும் வரைவதில்லை.

பல்லாரட் டைம்ஸ் பத்திரிகை ஆசிரியர் ஹென்றி சீகாம்ப் அரசுக்கு எதிராக எழுதியதற்காகச் சிறைக்குப் போனபோது பத்திரிகையை நடத்தியவர் அவர் துணைவி கிளாரா சீகாம்ப். ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பத்திரிகை ஆசிரியர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

தோண்டினால் எல்லோருக்கும் கிடைத்ததா?

இல்லை. ஒரு ஆளுக்குக் கொடுத்த இடம் ஆரம்பத்தில் 8 அடிக்கு 8 அடி. நம் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை அளவு. முதல் சில மாதங்களில் மேல்மண்ணிலேயே அள்ளியவர்கள் உண்டு. அப்புறம் பல்லாரட்டில் தங்கம் ஆழத்துக்குப் போய்விட்டது. பழைய ஆற்றுப்படுகைகள் எரிமலைப் பாறைக்கு அடியில் புதைந்து கிடந்தன. எட்டு பத்து பேர் கூட்டுச் சேர்ந்து, பக்கச் சுவர் சரியாமல் பலகை அடித்துக்கொண்டே நூறு அடிக்கும் கீழே மாதக்கணக்கில் இறங்கவேண்டும். காற்றுக்கு மேலே துணிப் பாய் கட்டி விடுவார்கள். அடியில் போய்ச் சேர்ந்தால் படுகை பத்து அடி தள்ளி, பக்கத்துக் குழிக்காரனுக்குப் போயிருக்கும். வெறுங்குழிக்கு ‘ஷைசர்’ என்று பெயர். அந்த மாதங்களில் கடைக்காரர் கொடுத்த கடனில்தான் அடுப்பு எரியும்.

1858 ஜூனில் பல்லாரட்டின் பேக்கரி ஹில்லில் கார்ன்வால் தொழிலாளர்கள் எடுத்த ‘வெல்கம் நக்கட்’ ஒரே கட்டியாகச் சுமார் 69 கிலோ. சவரன் கணக்கில் எட்டாயிரத்துக்கு மேல். இப்படி ஒரு செய்தி போதும், இன்னும் பத்தாயிரம் பேர் கிளம்ப.

லைசென்ஸ் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

1851 செப்டம்பரிலிருந்து தோண்டுகிற ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் கட்டவேண்டும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். 1853 கடைசியில் இது மாதம் ஒரு பவுண்டாகக் குறைந்தது. கிடைத்ததில் பங்கு கேட்டால் பரவாயில்லை, தேடுவதற்கே வரி. கட்டினாலும் ஓட்டுரிமை கிடையாது.

இன்னும் எரிச்சல், லைசென்ஸ் சீட்டைச் சோதிக்கும் முறை. ஆளுநர் ஹோதம் 1854ல் வாரம் இரண்டு முறை சோதனை என்று உத்தரவிட்டார். போலீஸ் வருவதைப் பார்த்தால் “ஜோ! ஜோ!” என்று கத்தி எச்சரிப்பார்கள். முந்தைய ஆளுநர் சார்லஸ் ஜோசஃப் லா ட்ரோபின் பெயரிலிருந்து வந்த கத்தல் அது. நூறடி ஆழத்தில் ஈரத்தில் நிற்பவன் சீட்டை மேலே சட்டைப்பையில் விட்டிருந்தால் கதை முடிந்தது. லாக்கப் இல்லாத இடத்தில் மரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டார்கள்.

1854 நவம்பர் கடைசியில் பல்லாரட் தொழிலாளர்கள் சீட்டுகளை எரித்தார்கள். பீட்டர் லாலர் என்ற ஐரிஷ்காரர் தலைமையில் அங்கேயே யுரேகா என்ற இடத்தில் மரத்தடுப்பு எழுப்பி, நீலத் துணியில் வெள்ளைச் சிலுவையும் நட்சத்திரங்களும் வைத்த கொடியை ஏற்றினார்கள். கொடியைத் தைத்தது சுரங்கப் பெண்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. டிசம்பர் 3, ஞாயிறு விடியுமுன் படை புகுந்தது. குறைந்தது 22 தொழிலாளர்கள் இறந்தார்கள், சிப்பாய்களும் சிலர். லாலர் இடது கையை இழந்தார். ராஜத்துரோக வழக்கு போட்ட 13 பேரையும் ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள்.

1855ல் மாத லைசென்ஸ் போய், வருடம் ஒரு பவுண்டுக்கு ‘மைனர்ஸ் ரைட்’ (சுரங்கக்காரர் உரிமைச் சீட்டு) வந்தது. அதோடு ஓட்டுரிமை வந்ததைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் நிறையப் பேசும். குடும்பங்களுக்கு அதில் இன்னொரு லாபம் இருந்தது: அந்தச் சீட்டு வைத்திருப்பவர் அரசு நிலத்தில் ஒரு சிறு துண்டில் வீடு கட்டி இருக்கலாம். கூடாரம் போய்ச் சின்ன மரவீடும், பின்னால் நாலு கோழியும் ஒரு உருளைக்கிழங்குப் பாத்தியும் வந்தது இதற்குப் பிறகுதான்.

குடி, திருட்டு, கொலை எல்லாம் அதிகமா?

குடி, ஆமாம். 1854 வரை சுரங்கப் பகுதியில் சாராயம் விற்கவே தடை. அதனால் எல்லாக் கூடாரத்திலும் ‘எலுமிச்சைச் சாறு’ விற்றார்கள்! திருட்டுக்குப் பயந்து வாசலில் நாய் கட்டி, தலைமாட்டில் துப்பாக்கி வைத்துத் தூங்கினார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் துப்பாக்கியை ஒருமுறை வெடித்துப் புதிதாக மருந்து கெட்டிப்பார்கள். என்னிடமும் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வதும் அதில் அடக்கம். தீபாவளி மாதிரி இருந்திருக்கும். கொலைகள் நடந்தன. ஆனால் மெல்லிய துணிக்குள் தங்கத்தை வைத்துக்கொண்டு தூங்கிய இத்தனை பேருக்கு நடுவே, எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்றுதான் சொல்லவேண்டும்.

ஓய்வு நாள் உண்டா?

ஞாயிறு. அன்று தோண்டக் கூடாது. துணி துவைப்பார்கள், அடுத்த வாரத்துக்கு ரொட்டி சுடுவார்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள், மரக்கட்டை மேல் ஏறி நின்ற போதகரைக் கேட்பார்கள்.

சீனர்களும் வந்தார்களாமே?

தென்சீனாவின் குவாங்டோங் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கில். அவர்கள் பேச்சில் கலிஃபோர்னியா பழைய தங்கமலை, இது புதிய தங்கமலை. 1850களின் கடைசியில் விக்டோரியாவில் சுமார் 40,000 சீனர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். குடும்பம் ஊரில், கடன் தலையில்.

1855ல் விக்டோரியா அரசு சீனர்களுக்கு மட்டும் தலைக்கு 10 பவுண்ட் இறக்குவரி போட்டது. கப்பல்காரர்கள் இன்னொரு பக்கத்துக் காலனியான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறக்கிவிட, அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்தார்கள். அப்படி நடந்த ஒரு கூட்டம் வழியில் தண்ணீருக்கு நின்ற இடத்தில் 1857ல் தங்கம் கண்டது. அதுதான் இன்றைய அராரட் ஊர். அதே ஆண்டு ஜூலையில் பக்லேண்ட் பள்ளத்தாக்கில் வெள்ளைத் தொழிலாளர்கள் கூட்டமாகத் தாக்கிச் சீனர் குடியிருப்பை எரித்து விரட்டினார்கள். யுரேகாவில் நீதி கேட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை.

மற்றவர்கள் விட்டுப்போன மண்ணையே பொறுமையாக மறுபடி அலசியவர்கள் இவர்கள். அப்புறம் அதே மண்ணில் காய்கறி போட்டு, கூடையைக் காவடி மாதிரித் தோளில் தூக்கி வீடு வீடாக விற்றார்கள். முன்னே சொன்ன ஸ்கர்வி குறைந்தது இப்படித்தான்.

அந்த மண்ணின் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள்?

பல்லாரட் வதவுரங் மக்களின் நிலம். பென்டிகோ, காசில்மெய்ன் ஜா ஜா வுரங் மக்களின் நிலம். ஆட்டுப் பண்ணைகளும் நோய்களும் அவர்களை ஏற்கெனவே பெரும் அளவில் அழித்திருந்தன. மிஞ்சியவர்கள் சுரங்கக்காரர்களுக்கு வழி காட்டினார்கள், கூரைக்கு மரப்பட்டை உரித்துக் கொடுத்தார்கள், போசம் என்ற மரமேறும் விலங்கின் தோலில் தைத்த கதகதப்பான போர்வைகளை விற்றார்கள். அந்தக் குளிரில் அதற்கு நல்ல கிராக்கி. தோண்டிப் புரட்டிய தங்கள் நாட்டை ஜா ஜா வுரங் மக்கள் இன்றும் ‘தலைகீழான நாடு’ என்றுதான் சொல்கிறார்கள்.

வாழ்க்கை எப்போது நிலைத்தது?

1860களில் சிறு குழிகள் போய்க் கம்பெனிச் சுரங்கங்கள் வந்தன. வாரக்கூலி, மரவீடு, தேவாலயம், பள்ளி. நிலையான சாப்பாடு வந்தது, கூடவே நிலையான தூசியும். பென்டிகோவின் கடினப் பாறையை இயந்திரத்தால் துளைக்கத் தொடங்கியபின் எழுந்த நுண்தூசி நுரையீரலில் இறங்கி, தொழிலாளர்களைச் சின்ன வயதிலேயே இருமவைத்துக் கொன்றது. 1882 டிசம்பரில் கிரெஸ்விக் ஊரின் நியூ ஆஸ்ட்ரலேஷியன் சுரங்கத்தில் பக்கத்துப் பழைய சுரங்கத்தின் வெள்ளம் உடைத்துக்கொண்டு புகுந்து 22 பேர் இறந்தார்கள்.

நம் கோலார் தங்கவயலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. கார்ன்வால் சுரங்கக்காரர்கள் இரண்டு இடத்திலும் இருந்தார்கள். கோலாரில் 1875ல் உரிமம் வாங்கிய மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் முன்னாள் சிப்பாய்க்குத் தங்க ஆசை பிடித்தது நியூசிலாந்தில். ஆனால் கோலார் தங்க வேட்டையே அல்ல. 1880லிருந்து அது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனியின் இடம். வட ஆற்காட்டிலிருந்து போன நம் ஆட்கள் அங்கே கூலிக்கு இறங்கி, லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். 8 அடி நிலத்துக்கு என் பெயரில் சீட்டு என்று அவர்கள் யாரும் கேட்டிருக்க முடியாது.

ஒரு நாள்தான் இருக்கிறது, எதைப் பார்க்கலாம்?

யுரேகா கொடியின் மிச்சம் பல்லாரட்டில் கண்ணாடிக்குள் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். பென்னிவெயிட் ஃபிளாட் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம், மனசு தாங்கினால் போங்கள். சாவரின் ஹில்லில் ஓடைக்கரையில் தட்டு கொடுத்து மண் அலசவிடுவார்கள். பார்வையாளர்களுக்காக அந்த மண்ணில் கொஞ்சம் தங்கத் துகளைப் போட்டே வைக்கிறார்கள், ஆனாலும் லேசில் கிடைக்காது. நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தும் சேறுதான். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார், அரிசியில் கல் அரிக்கிற மாதிரி தட்டை இரண்டு சுற்று சுற்றினார். மூன்று துகள் தேறியது.